கேட்டால் மட்டும் சொல்ல வேண்டிய வலி

கிள்ளானில் ஒரு தாதியர் கல்லூரியில் துப்புரவு வேலை செய்கிறேன். இடைநிலைப் பள்ளியில் படிவம் மூன்றோடு படிப்பை நிறுத்தியவள். ஆனாலும் உடல் பரிசோதனைக்கான நான்கு சொற்களை அங்குள்ள எந்த மாணவியையும்விட நான் அதிக முறை கேட்டிருப்பேன். இன்ஸ்பெக்‌ஷன் என்றால் கண்ணால் பார்ப்பது. பல்பேஷன், கையால் தொட்டு அழுத்துவது. பெர்கஷன், விரலால் தட்டி ஓசையைக் கவனிப்பது. ஆஸ்கல்டேஷன், ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்பது. நெஞ்சுக்கு இதே வரிசை. வயிற்றுக்கு மட்டும் பார்த்தவுடன் கேட்டுவிட வேண்டும். முதலிலேயே அழுத்தினால் குடலின் சத்தம் மாறிவிடும். வலிக்கிற இடத்தைக் கடைசியில்தான் தொட வேண்டும். பயிற்சி அறையில் மாப் போட்டபடியே இதெல்லாம் மனப்பாடம் ஆகிவிட்டது.

போன செய்முறைத் தேர்வன்று, நோயாளியாக நடிக்க வர வேண்டிய ஓர் அம்மாவின் வீட்டுக்குள், பண்டமாரானில், மழைத்தண்ணீர் ஏறிவிட்டது. விரிவுரையாளர் என்னைக் கூப்பிட்டார்.

"அக்கா, சும்மா படுத்துக்கிட்டா போதும். வலது பக்கம் அடிவயித்துல வலின்னு வெச்சுக்குங்க. கேட்டா மட்டும் சொல்லுங்க. கேக்காட்டி வாயே தொறக்கக்கூடாது."

"அதுக்கு என்னை விட்டா வேற ஆளே கிடைக்காது மிஸ்" என்றேன். நான் பேசாதவள் என்பது அங்கே ஊரறிந்த விஷயம். அவர் சிரித்துவிட்டார்.

ஐந்து பேர் வந்து போனார்கள். ஆறாவதாக வந்தவள் பூச்சோங்கிலிருந்து வந்து படிக்கும் ஒரு பெண். அவளுக்கு இது இரண்டாவது முயற்சி. இதிலும் தோற்றால் அரையாண்டுப் படிப்பு முழுவதையும் மறுபடி படிக்க வேண்டும். காலையில் கை கழுவும் இடத்தில் அவளே சொல்லியிருந்தாள்.

வணக்கம் சொன்னாள், திரையை இழுத்துவிட்டாள், என் வயிற்றைக் குனிந்து பார்த்தாள். அதுவரை சரி. அடுத்து, கழுத்தில் தொங்கிய ஸ்டெதஸ்கோப்பைத் தொடாமல் கையை நீட்டினாள். நான் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். வலி எங்கே என்றும் அவள் கேட்கவில்லை. விரல்கள் நேராக வலது அடிவயிற்றுக்கு வந்தன.

சில வருடங்களுக்கு முன் உண்மையாகவே அந்த இடத்தில் எனக்கு வலித்தது. கிளினிக்கில் மருத்துவர் அழுத்தியபோது வெட்கப்பட்டு, வலி என்று சொல்லாமல் பல்லைக் கடித்துக்கொண்டேன். அவரும் மாத்திரை கொடுத்து அனுப்பினார். இரண்டாம் நாள் குடல்வால் வெடித்து, அவசரமாக வயிற்றைக் கிழித்தார்கள். தழும்பு இப்போதும் இருக்கிறது.

அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். "அங்க வேணாம்மா. வலிக்குது லா."

அவள் சட்டென்று கையை எடுத்தாள். "சாரி ஆன்டி" என்றவள் ஒரு மூச்சு இழுத்துவிட்டு, என் முழங்கால்களை மடக்கச் சொன்னாள். பிறகு தானாகவே ஸ்டெதஸ்கோப்பை எடுத்து, உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கி வைத்தாள். குடல் சத்தத்தைக் கேட்டாள், தட்டினாள், இடது பக்கத்திலிருந்து மெதுவாக அழுத்திக்கொண்டே வந்தாள். வலித்த இடத்துக்குக் கடைசியில்தான் வந்தாள்.

அவள் வெளியே போனதும், மதிப்பெண் போட ஓரமாக உட்கார்ந்திருந்த விரிவுரையாளர் எழுந்து இடுப்பில் கைவைத்து நின்றார்.

"நான் என்ன சொன்னேன் அக்கா?"

"கேட்டா மட்டும் சொல்லணும்னு."

"அப்புறம்?"

"வலிக்கிறவ அது வரைக்கும் காத்துக்கிட்டு இருக்கக்கூடாது மிஸ்."

இப்படி எதிர்த்து அவரிடம் நான் பேசியதே இல்லை. அவர் மதிப்பெண் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வரிசை தவறியதற்கும் வலியைக் கேட்காததற்கும் மதிப்பெண்ணைக் குறைத்தார். கையை எடுத்துத் திருத்திக்கொண்டதற்குக் கொடுத்தார். மயிரிழையில் அவள் தேறினாள்.

மாலையில் படிக்கட்டு துடைத்துக்கொண்டிருந்தபோது வந்து நின்றாள். "ஆன்டி, எனக்காகத்தான சொன்னீங்க?"

"உனக்காகன்னா, நீ காதுல குழாயை மாட்டாம கைய நீட்டினப்பவே சொல்லியிருப்பேனே."

அவள் முகம் சிவந்தது. "அதுவும் தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும். ஈரமா இருக்கு, ஓரமா நட."