ஆயுத பூஜையில் நான் குளிப்பாட்டிய கார்

இதை எழுத எனக்குப் பல வருஷமாகத் தயக்கம். எட்டாவதுக்கு மேல் படிக்காதவன் நான். உறவுக்காரர்களுக்குக் கடிதம் போடுவதைத் தவிர எதுவும் எழுதிப் பழக்கமில்லை. அது ஒரு காரணம். இன்னொன்று, பூஜை செய்யப் போய் ஒரு பொருளைக் கெடுத்த கதை இது. படிப்பவர்கள் பூஜையையே கேலி செய்கிறேன் என்று எடுத்துக்கொள்ளக் கூடாதே என்ற பயம். கெடுத்தது என் அவசரப் புத்தி, பூஜை அல்ல. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எண்பதுகளின் நடுவில் நடந்தது. ஸ்ரீரங்கத்தில் எனக்குப் பூஜை சாமான் கடை. என் தம்பி மஸ்கட்டில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தான். லீவில் வந்தபோது பெட்டிக்குள் கைலியில் சுற்றி ஒரு ரிமோட் கார் கொண்டுவந்தான். மணலில் ஓடுகிற கார். அவனுடையது அல்ல, அங்கே அவனோடு ஒரே அறையில் இருந்த நண்பன் கொடுத்தனுப்பியது. யாரோ ஒரு வெள்ளைக்கார இன்ஜினீயர் உடைந்துவிட்டதென்று குப்பையில் போட்டதை அந்த நண்பன் எடுத்துவந்து, லீவு நாளான வெள்ளிக்கிழமைகளில் உட்கார்ந்து உட்கார்ந்து ஒரு வருஷத்தில் ஓட வைத்திருக்கிறான். பின் சக்கரம் இரண்டும் வேறொரு காருடையவை, முன் சக்கரத்தைவிடப் பெரியவை. மேல்மூடி, சமையல் எண்ணெய் டின்னை வெட்டி மடக்கி மஞ்சள் பெயின்ட் அடித்தது. முன் சக்கரங்களைத் திருப்புகிற தகட்டை டிபன் கேரியர் மூடியிலிருந்து அறுத்து ராவி எடுத்திருந்தான்.

அந்த நண்பனின் அப்பாவுக்கு முக்கொம்பு போகும் வழியில் ஆயில் இன்ஜின் பழுது பார்க்கும் பட்டறை. மகன் அதில் நிற்காமல் சண்டை போட்டுக்கொண்டு வெளிநாடு போனவன். "அவனுக்கு ஸ்பேனர் புடிக்கத் தெரியாது. அங்கயும் சிமென்ட் மூட்டைதான் தூக்குவான்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அப்பா சொல்லிக்கொண்டிருந்தாராம். மகனுக்கு ஊர் வர லீவு கிடைக்கவில்லை. தம்பியிடம் ஒன்றுதான் சொல்லி அனுப்பினான்: "எங்கப்பா முன்னாடி இத ஓட்டிக் காட்டு. நீ ஒண்ணும் பேச வேணாம்."

தம்பி மாமனார் ஊருக்குப் போயிருந்த நேரத்தில் ஆயுத பூஜை வந்தது. தராசு, கத்தரிக்கோல், சைக்கிள் எல்லாவற்றையும் கழுவிப் பொட்டு வைத்து வரிசையாக வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். ஒருவன் இவ்வளவு பாடுபட்டுச் செய்த பொருள் வீட்டில் இருக்கும்போது அதை மட்டும் விடலாமா என்று தோன்றியது. அடியில் மணலும் ஒட்டியிருந்தது. கிணற்றடியில் வைத்து இரண்டு சொம்பு தண்ணீர் ஊற்றித் தேய்த்தேன். சக்கரத்துக்குச் சக்கரம் சந்தனம் குழைத்து அப்பினேன். பூஜையில் வைத்த பொருளை மறுநாள் மறுபூஜை ஆகும்வரை தொடக் கூடாது. நானும் தொடவில்லை. உள்ளே பேட்டரி மாட்டியபடியே இருந்தது எனக்குத் தெரியாது.

தம்பி திரும்பி வந்து பட்டனைத் தள்ளினான். அசையவில்லை. மூடியைக் கழற்றினால் உள்ளே பச்சைப் பச்சையாகப் பூத்திருந்தது.

"அண்ணே, இதுல தண்ணி பட்டுச்சா?"

"குளிப்பாட்டினேன்டா. பூஜைக்கு."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "இன்னும் பத்து நாள்ல நான் பிளேன் ஏறணும்ணே. அவன்கிட்ட என்ன சொல்றது?" என்று மட்டும் கேட்டான்.

மறுநாள் பெருமாளைச் சேவித்துவிட்டு, காரைத் துண்டில் சுற்றிக்கொண்டு இருவரும் பாலக்கரைக்கு பஸ் ஏறினோம். அங்கே ஒரு சந்தில், தன் வீட்டின் முன் அறையிலேயே ரேடியோவும் டேப் ரெக்கார்டரும் பழுது பார்க்கிற அம்மா ஒருவர் இருந்தார். கல்யாணத்துக்கு முன்பு ரேடியோ செய்யும் இடத்தில் ஈயம் வைக்கிற, அதாவது ஈயத்தை உருக்கிக் கம்பிகளை ஒட்டுகிற வேலை பார்த்தவர். மேஜை மேல் மாதா படம். அதன் காலடியிலேயே ஜெபமாலையும் திருப்புளியும் கிடக்கும்.

மூடியைத் திறந்தவர் முகர்ந்து பார்த்தார். "என்னங்க, உள்ள எல்லாம் சந்தன வாசனை?"

சொன்னேன்.

"எங்க தெருவுலயும் மிஷினுக்குப் பொட்டு வப்பாங்க. பொட்டோட விட்டுருவாங்க. நீங்க அபிஷேகமே பண்ணிட்டீங்களே."

தம்பி சிரித்துவிட்டான். எனக்கும் கொஞ்சம் மூச்சு வந்தது.

"தண்ணி மட்டும்னா காஞ்சிருக்கும். பேட்டரியோட சேர்ந்து ஒரு நாள் பூரா உக்காந்தா, உள்ள இருக்கற செம்பைத் தின்னுரும்" என்றார். பிறகு, யார் செய்தது, யாருக்குப் போகிறது என்று விசாரித்தார். தம்பி எல்லாவற்றையும் சொன்னான். அவர் கண்ணாடி வில்லையை வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"அந்தத் தம்பிக்கு ஈயம் வைக்கத் தெரியல. சீடை மாதிரி உருண்டை உருண்டையா வச்சிருக்கு. ஆனா ஒண்ணுகூட விடலை பாருங்க. எவ்வளவு பொறுமை."

"எல்லாத்தையும் புதுசா மாத்திடலாங்களா?" என்று கேட்டேன்.

"மாத்தினா எனக்கு வேலை சுலபங்க. ஆனா அப்புறம் அது அவர் செஞ்ச காரா? கெட்டதை மட்டும் எடுக்கறேன். அவர் கை வச்சதுல நல்லா இருக்கற எதையும் தொட மாட்டேன்."

அந்த வார்த்தையை இன்றும் நினைத்துக்கொள்கிறேன். ஆறு நாள் போய்ப் போய் உட்கார்ந்து பார்த்தேன். பல் சக்கரங்களில் இறுகிப்போன சந்தனத்தை ஊசியால் பல் பல்லாகக் கிண்டி எடுத்தார். மின்சாரம் ஓடுகிற செம்புக்கோடு அரித்துப்போன இடங்களில் தலைமுடி போன்ற கம்பி வைத்து ஒட்டினார். சக்கரத்தைத் திருப்புகிற குட்டி மோட்டார் செத்திருந்தது. டேப் ரெக்கார்டர் மோட்டார் ஒன்றைப் பொருத்தினார். பல் போன சக்கரத்துக்கும் அதே டேப் ரெக்கார்டரிலிருந்து ஒன்று. வேகத்துக்கான இணைப்பு, ஏதோ பழைய ரேடியோவின் ஸ்விட்ச். நடுவில் யாராவது அவசரம் என்று வந்தால், "இங்க ஒருத்தரு அப்பாவைப் பாக்கப் போகணும், நீங்க நாளைக்கு வாங்க" என்று காரைக் காட்டி அனுப்பிவிடுவார்.

ஆறாம் நாள் சந்தில் விட்டுப் பார்த்தோம். ஓடியது. இடது பக்கம் திரும்பும்போது மட்டும் ஒரு நொடி யோசித்தது. துண்டில் சுற்றிக் கொடுக்கும்போது அவர் சொன்னார்: "எது என் வேலை, எது அவர் வேலைன்னு அவங்க அப்பாகிட்ட சொல்லிடுங்க."

தம்பி புறப்பட இரண்டு நாள் இருக்கும்போது பட்டறைக்குப் போனோம். பெரியவர் எண்ணெய்க் கையோடு வந்து நின்றார். "என்ன, பொம்மையா?" தம்பி ஓட்டினான். கார் எண்ணெய் மண்ணில் வட்டமடித்து, ஒரு செங்கல்லைச் சுற்றிக்கொண்டு வந்து அவர் காலடியில் நின்றது. அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. தூக்கிக் கவிழ்த்தார். திருப்புளியை எடுத்து மூடியைக் கழற்றினார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

"இந்த ஈயம் நூல் புடிச்ச மாதிரி இருக்கே. பயலுக்கு இவ்வளவு கை வந்துருச்சா?"

அவர் விரல் வைத்தது பாலக்கரை அம்மாவின் வேலை மேல்.

தம்பி என்னைப் பார்த்தான். மகன் ஏங்கியது இந்த ஒரு சொல்லுக்குத்தான். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் எல்லாம் நல்லபடி முடிந்திருக்கும். நான் செய்த கூத்தும் தெரியாமல் போயிருக்கும். அவர் அடுத்த முறை மகனிடம் இந்த ஈயத்தைச் சொல்லிப் பாராட்டினால் அவன் என்ன பதில் சொல்வான் என்று நினைத்தேன்.

"அது உங்க மகன் வச்சது இல்லீங்க" என்றேன். குளிப்பாட்டியது முதல் எல்லாவற்றையும் சொன்னேன்.

பெரியவர் கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப இவன் என்னதான்யா பண்ணான்?"

இரண்டாம் முறையும் கெடுத்துவிட்டேன் என்றே நினைத்தேன். தம்பிதான் குனிந்து டிபன் கேரியர் தகட்டைக் காட்டினான். பெரியவர் ஒரு விரலால் சக்கரத்தை இடதும் வலதுமாகத் தள்ளினார். மறுபடி கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

"ஆட்டமே இல்லையே. லேத்துல குடுத்தானா?"

"ரூம்ல ஏதுங்க லேத்து. ஒரே ஒரு அரம். அதுக்கும் கைப்பிடி கெடையாது, துணி சுத்திப் புடிச்சுக்குவான்."

"எத்தினி தகடு வீணாக்கினான்?"

"நாலு மூடிங்க. நாங்க நாலு பேரும் மூடி இல்லாம சாப்பாடு எடுத்துட்டுப் போனோம்."

பெரியவர் சிரிக்கவில்லை. பட்டறை ஆட்களைக் கூப்பிட்டு, அந்தத் தகட்டை அவர்கள் ஒவ்வொருவரையும் தள்ளிப் பார்க்கச் சொன்னார். கடைசியில் தம்பியிடம், "லீவு கெடச்சா நேரா இங்க வரச் சொல்லு. வீட்டுக்கு அப்புறம் போய்க்கலாம்" என்றார்.

இந்த விஷயம் எங்கள் பக்கத்தில் வாய்க்கு வாய் பரவி உருமாறிவிட்டது. செத்த காரைப் பெருமாளே ஓட வைத்தார் என்கிறார்கள் சிலர். அவர் கிருபை இல்லாமல் எதுவும் இல்லை. ஆனால் ஊசியால் சந்தனம் கிண்டிய ஒரு மனுஷி இருந்தார். இன்னும் சிலர் எல்லாவற்றையும் அந்த அம்மாவே செய்ததாகச் சொல்கிறார்கள். அப்படிச் சொன்னால் மஸ்கட்டில் துணி சுற்றிய அரத்தோடு உட்கார்ந்திருந்தவன் காணாமல் போகிறான். ஆகையால் இதை யாரிடமாவது சொல்வதாக இருந்தால், தயவுசெய்து இங்கே இருக்கிறபடியே சொல்லுங்கள். அந்த அம்மாவின் ஈயம் அவர் பேரிலும், தகடு அந்த மகன் பேரிலும் இருக்கட்டும். தண்ணீர் ஊற்றினது நான் என்பதையும் விட்டுவிடாதீர்கள்.