கடைசிச் சுற்றும் சேற்றில் மாட்டிய படகும்

சதுரங்கப் போட்டி பள்ளிக்கூடத்தில்தான் நடப்பதாக இருந்தது. மழைக்கு அங்கே மண்டபத்துக் கூரை ஒழுகியதால், பழவேற்காட்டில் இருக்கும் பழைய ஆவணக் காப்பகத்துக்கு மாற்றிவிட்டார்கள். அந்தக் கட்டடத்தைத் தாண்டி எத்தனையோ முறை போயிருக்கிறேன். உள்ளே கால் வைத்தது அன்றைக்குத்தான். வெளிச்சம் பட்டால் காகிதம் கெட்டுவிடுமாம், ஜன்னல் எல்லாம் திரை போட்டு மூடியிருந்தது. அலமாரி அலமாரியாகப் பழைய கட்டுகள், பாச்சை உருண்டை நெடி. பட்டப்பகலில் இழவு வீட்டுக்குள் நுழைந்த மாதிரி இருந்தது எனக்கு. செருப்பைக் கழற்று, தண்ணீர் கொண்டுபோகாதே, பேசாதே என்று வாசலிலேயே காவலாளி ஆயிரம் சட்டம் சொன்னார்.

ஆட வந்தவள் என் தங்கை. அப்போதுதான் பன்னிரண்டாவது முடித்திருந்தாள். இந்தப் போட்டியில் முதலாவதாக வந்தால் சென்னையில் ஒரு கல்லூரி விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர்த்துக்கொள்ளும். படிப்பு, விடுதி, சோறு எல்லாம் அவர்கள் பொறுப்பு. வராவிட்டால் என்னோடு இறால் கம்பெனிக்கு வர வேண்டியதுதான். ஐஸில் கை வைத்து நின்றபடி இறால் உரிக்கிற வேலை. வீட்டுக்கு ஒருத்தி அதில் கிடந்து சாவது போதாதா என்று காலையில் கம்பெனி வேன் ஏறும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

மத்தியானம் வரை எல்லாச் சுற்றிலும் ஜெயித்தாள். கடைசிச் சுற்றுதான் பாக்கி. எதிரில் ஆட வேண்டியவள் சென்னைப் பெண். அவளும் யாரிடமும் தோற்காதவள். சாப்பாட்டு இடைவேளையில் அவளுடைய அப்பாவும் அம்மாவும் ஏரியைச் சுற்றிப் பார்க்க அவளைப் படகில் கூட்டிப் போயிருந்தார்கள். நேரமானதும் நடுவர் எல்லாக் கடிகாரங்களையும் ஓடவிட்டார். தங்கைக்கு வெள்ளைக் காய், அவள்தான் முதலில் ஆட வேண்டும். அவள் ஆடும் வரை அவள் கணக்கில்தான் நேரம் கழியும், அது தீர்ந்தால் தோல்வி. எதிர் நாற்காலி காலியாக இருந்தது.

எங்களைக் கயிறு கட்டி ஓரமாக உட்கார வைத்திருந்தார்கள். பக்கத்தில் இருந்த அவள் பள்ளிக்கூடத்து பி.டி. சார் என் காதில் கிசுகிசுத்தார். "அவ காய நவுத்திட்டு பட்டன தட்டுனா போதும்மா. அப்புறம் அந்தப் பொண்ணு நேரம்தான் ஓடும். அது வரலன்னா நம்மாளு உக்காந்த எடத்துலயே ஜெயிச்சிடும்."

தங்கை கையை நீட்டினாள். அந்த நேரம் பார்த்தா காவலாளி உள்ளே வர வேண்டும்! நடுவரிடம் போய், "சார், அவங்க போன படகு சேத்துல மாட்டிக்கிச்சாம். தண்ணி கடலுக்கு எறங்கிடுச்சு. தள்ளிக்கினு கீறாங்க" என்றார்.

நீட்டிய கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள் என் தங்கை.

சார் தலையில் கை வைத்துக்கொண்டார். அவருக்குப் புரியவில்லை, எனக்குப் புரிந்துவிட்டது. எங்கள் குப்பத்தில் ஏரியில் வலை போடுவதற்குப் பாடு என்று முறை உண்டு. இன்றைக்கு இந்த இடம் இன்னாருக்கு என்று பிரித்து வைத்திருக்கிறோம். உரியவன் படகு வழியில் மாட்டிக்கொண்டால் பக்கத்துப் படகுக்காரன் தன் வலையையும் இறக்க மாட்டான், அவன் வருகிற வரை நிற்பான். அப்படி நின்றவனுக்கு வீணான பொழுதை ஊர்ப் பெரியவர்கள் மறுநாள் ஈடு கட்டிக் கொடுத்துவிடுவார்கள். நிற்காமல் வலை போட்டவனோடு அப்புறம் ஊரில் ஒருவரும் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள்.

அடிப்பாவி, இது ஏரி இல்லடி என்று கத்தத் தோன்றியது. கத்தினால், வெளியிலிருந்து சொல்லிக்கொடுத்ததாக அவளை ஆட்டத்தை விட்டே தள்ளிவிடுவார்கள். இருமிப் பார்த்தேன். அவள் திரும்பவில்லை. மறுபடியும் பலமாக இருமினேன். "இன்னொரு தபா இருமுனா வெளிய போய்டணும்மா" என்றார் காவலாளி. அவள் கடிகாரம் பாட்டுக்கு ஓடியது. அவளோ கோயிலில் உட்கார்ந்திருப்பவளைப் போல நிம்மதியாக உட்கார்ந்திருந்தாள்.

கடைசியில் அந்தப் பெண் முழங்கால் வரை சேற்றோடு ஓடி வந்து, "ஸாரி, ஸாரி" என்று உட்கார்ந்தாள். தங்கை அவளைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு கையைத் தூக்கி நடுவரைக் கூப்பிட்டாள்.

"சார், நான் காத்துக்கினு இருந்த நேரத்த திருப்பிப் போட்டுக் குடுங்க."

"எந்த நேரம்?"

"இவங்க வர்ற வரிக்கும் நின்ன நேரம் சார்."

நடுவர் அவளை ஒரு மாதிரி பார்த்தார். "நீ ஆடியிருக்கணும்மா. உன் கடிகாரத்துல ஓடினது உன் நேரம். அதத் திருப்பித் தர முடியாது." கெட்ட மனிதர் இல்லை, மெதுவாகத்தான் சொன்னார். திட்டியிருந்தாலாவது நான் பதிலுக்குத் திட்டியிருப்பேன்.

அவள் முகம் செத்துப்போனதை நான் பார்த்தேன். மிச்சமிருந்த கொஞ்ச நிமிஷத்தில் பேய் பிடித்தவள் போல ஆடினாள். ராணியை வெட்டினாள். "ஜெயிச்சிடுவா, ஜெயிச்சிடுவா" என்று சார் என் கையைப் பிடித்து அழுத்தினார். அடுத்த காயைத் தூக்கிக் கையில் வைத்திருந்தபோதே நேரம் முடிந்துவிட்டது. எதிரில் இருந்தவள் கடிகாரத்தைக் காட்டினாள். நடுவர் வந்து தலையை ஆட்டினார்.

வீடு வரும் வரை தங்கை கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. நைனா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நடந்ததையெல்லாம் நான்தான் கத்திக் கத்திச் சொன்னேன். நைனா முழுக்கக் கேட்டுவிட்டு அவளிடம் ஒன்றே ஒன்று கேட்டார்.

"அவங்க படகு மாட்டிக்கினு கெடந்தப்போ நீ ஆடலியே?"

"இல்ல நைனா."

"அப்ப செரி."

சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைந்தார். அவர் முகத்தில் பெருமை. மகள் கோப்பையைக் கொண்டுவந்திருந்தால் எப்படி இருந்திருக்குமோ, சத்தியமாக அப்படி இருந்தது.

"இன்னா செரி நைனா?" என்றாள் தங்கை.

நைனா நிமிர்ந்தார்.

"சொல்லு, இன்னா செரி? நான் நின்னேன் இல்ல? எனக்கு யாரு ஈடு கட்டுவாங்க? நீ கட்டுவியா? ஊரு கட்டுமா?" குரல் உடைந்து அப்போதுதான் அழ ஆரம்பித்தாள்.

நைனாவின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. கை கழுவாமலே எழுந்து வெளியே போனார்.

திங்கட்கிழமை காலையில் கம்பெனி வேனில் நகர்ந்து உட்கார்ந்து அவளுக்கு இடம் விட்டேன்.