சின்னம்மா தாட்ட சட்டி

எங்கள் ஒழுங்கையில் சொந்தமாக ஒரு சூனியக்காரி வைத்திருந்த வீடு எங்களுடையது மட்டுந்தான். அப்போது எனக்கு ஏழு வயது. மற்றப் பிள்ளைகளின் வீடுகளில் ஆடு இருந்தது, கிராமபோன் இருந்தது, ஒருத்தியின் மாமனிடம் மான் சுடுகிற துவக்குக்கூட இருந்தது. அதெல்லாம் என்ன பெரிய காரியம்? என் சின்னம்மா பார்த்தாலே பால் திரைந்துவிடும் என்று ஊர் பேசியது. நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன்.

சின்னம்மா என் அம்மாவின் தங்கை. கலியாணமான வருஷமே புருஷனைக் கடல் கொண்டுபோக, எங்களோடு வந்து தங்கியவ. அதிகம் கதைக்கமாட்டா, கதைத்தால் சுருக்கென்று தைக்கும். பக்கத்து வீட்டு ஆடு எங்கள் கத்தரிக் கன்றுகளைத் தின்றபோது, "இது உருப்படாது" என்று ஒரு சொல் சொன்னா. அடுத்த கிழமை ஆடு செத்துப்போனது. கரிநாக்கு என்ற பட்டம் அன்றைக்கே கிடைத்துவிட்டது.

யுத்தம் துறைமுகத்துக்கு வந்திருந்த காலம். ஓர்ஸ் ஹில் குன்றில் நின்று பார்த்தால் உள்துறைமுகத்தில் தண்ணீர் கொஞ்சம், கப்பல்தான் கூட. யப்பான்காரன் குண்டு போடப்போகிறான், எல்லோரும் வளவுக்குள் பதுங்குகுழி வெட்டுங்கள் என்று சொல்லியிருந்தார்கள். பக்கத்து வீட்டு மாமா வேலியோரமாக வெட்டினார். அவர்கள் அந்த வளவுக்குக் குடிவந்து ஐந்தாறு வருஷந்தான். அதற்கு முன்பு அது ஆளில்லாத பற்றைக்காடு. இடுப்பளவு ஆழத்தில் மண்வெட்டி ஒரு சட்டியில் பட்டது. வாய் மூடி, மஞ்சள் துணி சுற்றிக் கட்டி, யாரோ புதைத்துத் தாட்ட மண்சட்டி. உள்ளே கரித்துண்டுகள், கறுப்பாய்க் காய்ந்துபோன ஏதோ ஒன்று, துருப்பிடித்த ஓர் இரும்பாணி.

அந்த வீட்டு மாமி ஒரு மாதமாகக் காய்ச்சலில் கிடந்தா. மாமாவுக்கு அதற்கு மேல் யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. செய்வினை எடுக்கிற கட்டாடியாரைக் கூட்டிவந்தார். அவர் எட்டி நின்று பார்த்தார். சூனியம், சந்தேகமில்லை, பெண்கள் கிட்ட வந்தால் வயிறு வற்றிப்போகும் என்று சொல்லி எல்லாப் பெண்களையும் விரட்டிவிட்டார். ஆண்கள் மட்டும் சுற்றி நின்று சட்டியை ஆராய்ந்தார்கள். வேலிக்கு இந்தப் பக்கம் வந்த சின்னம்மா அதைக் கண்டதும் முகம் வெளுத்துப்போனா. அவர்களுக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

வெள்ளிக்கிழமை அம்மன் கோயிலில் சின்னம்மா கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்யவேண்டும் என்று தீர்மானமானது. மாட்டேன் என்றால் ஒழுங்கையை விட்டு, ஈச்சிலம்பற்றில் இருந்த தூரத்துச் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விடவேண்டும். பெருமையெல்லாம் ஒருபக்கம் இருக்க, அதைக் கேட்டதும் நான் ஓடிப்போய்ச் சின்னம்மாவின் சேலைத்தலைப்பைப் பிடித்துக்கொண்டேன். எனக்குத் தலை இழுத்துவிடுகிறதும் சோறு தீத்துகிறதும் அவதான்.

சீனன்குடாவில் வேலை செய்த அப்பா, தன்னுடைய ஸ்கொட்லாந்துக்காரத் துரையிடம் இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறார். தங்கள் நாட்டில் முந்தி இப்படியான பெண்களைக் கட்டிவைத்து எரித்தார்கள் என்று துரை சொன்னாராம். அப்பா அதை வீட்டில் வந்து சொன்னபோது சின்னம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தா.

"அப்ப வெள்ளைக்காரரும் எங்கட ஆக்கள் மாதிரித்தான்," என்றா.

"பகிடி விடாதையும். இல்லை எண்டு ஒரு சொல் சொல்லிப்போட்டு வாரும். பிறகு ஆர் கேக்கிறது?" என்றார் அப்பா.

அப்பா போன பிறகு குசினிக்குள் அடுப்படியில் இருந்து அம்மா அழுதா. "நான் தாட்டனான் எண்டு நானே சொல்லுறன்," என்றா. "உனக்கு ஏனக்கா இந்தப் பேர்? எனக்கு இருக்கட்டும்," என்றா சின்னம்மா. கதவடியில் நின்ற எனக்கு ஆச்சரியமாக இருந்தது. சூனியக்காரிப் பட்டத்துக்கு எங்கள் வீட்டிலேயே இரண்டு பேர் போட்டி.

வெள்ளிக்கிழமை பின்னேரம் ஒழுங்கை முழுக்கக் கோயிலில் நின்றது. சட்டியை ஒரு பலகையில் வைத்திருந்தார்கள். போர்வையால் மூடிக்கொண்டு காய்ச்சல்கார மாமியும் வந்திருந்தா. அம்மனுக்கு முன்னால் பொய்ச் சத்தியம் செய்தவரின் பிள்ளை தங்காது என்பது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். அதனாலேயே மாமாவுக்கு நம்பிக்கை இல்லை.

"பிள்ளை குட்டி இல்லாதவ. பொய்ச் சத்தியம் பண்ணினால் இவவுக்கு என்ன நட்டம்?" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். பிறகு சின்னம்மாவின் பக்கம் திரும்பினார். "சொல்லுங்கோ, இது நீங்கள் தாட்டதோ?"

சின்னம்மா கூட்டத்தைப் பார்த்தா. என்னையும் பார்த்தா.

"ஓம். நான்தான் தாட்டனான்."

சின்னம்மா எரிகிற கற்பூரத்தின்மேல் உள்ளங்கையை வைத்தா. "ஒருத்தருக்கும் கேடு நினைச்சுத் தாட்டேல்லை. இதுக்கு மேலை நான் ஒண்டும் சொல்லமாட்டன்." கையை எடுத்தபோது நெருப்பு அணைந்திருந்தது. முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை.

மாமா வாயைத் திறக்கமுதல் மாமி எழுந்தா. கட்டாடியார் தடுக்கத் தடுக்கப் போய்ச் சட்டிக்குள் எட்டிப் பார்த்தா. நாலு பிள்ளை பெற்ற மனுசி. போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டு ஆண்கள் பக்கம் திரும்பினா.

"காணும், விடுங்கோ. எடுத்த இடத்திலையே தாட்டுவிடுங்கோ. ஒருத்தரும் போகத் தேவையில்லை."

மாமி பயந்துவிட்டா என்று நான் நினைத்தேன். சின்னம்மாவின் வெந்த கையைப் பிடிக்க ஏலாமல் மற்றக் கையைப் பிடித்துக்கொண்டு, ராசாத்தி மாதிரி வீட்டுக்கு நடந்தேன். பிறகு குண்டு விழுந்து துறைமுகப் பக்கம் புகையாய்க் கிடந்தபோது, எங்கள் ஒழுங்கையில் ஓர் ஓடுகூட உடையவில்லை. சின்னம்மா மந்திரத்தால் கட்டிவைத்தவ என்று ஊர் சொன்னது. சூனியக்காரியின் பெறாமகளுக்குப் பள்ளிக்கூடத்தில் கொய்யாப்பழம் ஓசியில் கிடைத்தது. அந்த மாமி மட்டும் எங்கே கண்டாலும் என் தலையைத் தடவிவிட்டுப் போவா.

என் மூத்த மகன் அதே வீட்டில்தான் பிறந்தான். பாயில் படுத்தபடியே பார்த்தேன். சின்னம்மா நஞ்சுக்கொடியை ஒரு சட்டியில் வைத்தா, கரி போட்டா, காத்துக் கறுப்பு அண்டாமல் ஓர் இரும்பாணி வைத்தா, மஞ்சள் துணியால் வாயைக் கட்டினா. பிள்ளை பெற்ற எந்தப் பெண்ணும் ஒரு பார்வையில் கண்டுபிடிக்கிற சட்டி அது. அவ அதைப் புதைக்கப் போன நேரம், அன்றைக்கு வெட்டி எடுத்த சட்டி ஆருடையது என்று அம்மாவிடம் கேட்டேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டா. பிறகு, "உன்ரைதான்," என்றா. "உன்னைப் பெத்தது அவள்."

சின்னம்மாவின் புருஷன் கடலில் போய் மூன்று வருஷத்துக்குப் பிறகு பிறந்தவள் நான். சட்டி என்னவென்று சொல்லியிருந்தால், யாருடைய பிள்ளைக்கு, ஏன் சொந்த வளவில் இல்லாமல் களவாகப் பற்றைக்குள் என்ற கேள்வி வந்திருக்கும். அந்தக் கேள்வி என்னிடம் வராமல் இருக்க, அவ சாகும்வரை சூனியக்காரியாகவே இருந்தா. எனக்கு அவவால் அன்றைக்கு வந்த பெருமையைவிட இன்றைக்கு இருக்கிற பெருமை பெரிது.

ஆனாலும் 'இல்லை' என்று ஒரு சொல் போதுமாக இருந்தது, அவ தாட்டதை ஒருவரும் கண்டிருக்கவில்லை. பிள்ளையில்லாதவள் பொய்ச் சத்தியத்துக்கு ஏன் பயந்தா என்று அன்று அந்தக் கூட்டத்தில் ஒருவரும் யோசிக்கவில்லை. அவவின் கண் என்மேல் நின்றபோது, நான் கூட்டத்துக்குள்ளிருந்து கையசைத்துச் சிரித்துக்கொண்டிருந்தேன்.