பெரிய மிஸ் கொடுத்த வாக்கு

பள்ளி முதல்வர் என்றால் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து கையெழுத்துப் போடுகிறவர் என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். என் மனைவி அந்தப் பதவிக்கு வந்த பிறகுதான் விவரம் தெரிந்தது. காலையில் அவள் முதலில் போகும் இடம் கழிப்பறை. எல்லாக் கதவுக்கும் தாழ்ப்பாள் இருக்கிறதா, வாளி உடையாமல் இருக்கிறதா, சுவரில் புதிதாக யார் பெயரை யார் பெயரோடு சேர்த்து எழுதியிருக்கிறார்கள் என்றெல்லாம் பார்த்துவிட்டுத்தான் காலை ஜெபத்துக்கே போவாள். கழிப்பறை நாறுகிற பள்ளியில் மறைக்கல்வி என்று வேதபாடம் நடத்தி என்ன பயன் என்பது அவள் கட்சி.

பிறகு வாசலில் நிற்பாள். தாமதமாக வருகிறவர்களைத் திட்டுவதற்கு இல்லை, யார் அழுத முகத்தோடு வருகிறார்கள் என்று பார்ப்பதற்கு. ஆசிரியர் யாராவது வரவில்லையென்றால் அந்த வகுப்புக்கு அவளே போய்விடுவாள். வேதியியல் படித்தவளுக்கு வரலாறு என்ன தெரியும் என்று ஒருமுறை கேட்டேன். "உக்கார வைக்கத் தெரியும்" என்றாள். மாணவர் வீட்டில் யார் இறந்தாலும் அடக்கத்துக்குப் போவதும் அவள் வேலைதான். எங்கள் திருமண நாளன்றுகூட ஒரு அடக்கத்துக்குப் போய்விட்டு, கல்லறை மண் ஒட்டிய செருப்போடு வந்து கேக் வெட்டினாள். நான் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். கடையை அடைத்தால் என் வேலை முடிந்தது. அவள் வேலைக்கு அடைப்பே கிடையாது.

எல்லோரும் அவளைப் பெரிய மிஸ் என்றார்கள். கோபம் வந்தால் நானும் அப்படித்தான் கூப்பிடுவேன்.

அந்தப் பள்ளியைத் தொடக்கத்திலிருந்து கன்னியாஸ்திரிகள்தான் நடத்திவந்தார்கள். குடும்பஸ்தி ஒருத்தி முதல்வரானது அதுதான் முதல் தடவை. நிர்வாகக் குழுவில் சிலருக்கு அது தொண்டையில் மாட்டிய முள். பள்ளியின் தாளாளராக இருந்த பங்குச் சாமியார்தான், எல்லோரும் ஃபாதர் என்று கூப்பிடுகிறவர், பிடிவாதமாக நின்று அவளைக் கொண்டுவந்தார். அவளைவிட வயதில் சின்னவர், நேரத்துக்குச் சாப்பிடமாட்டார், அதற்காக அவளிடம் திட்டு வாங்குவார். ஒருவரை வேலையிலிருந்து நீக்குவதென்றால் இவள் கையெழுத்தும் வேண்டும், அவர் கையெழுத்தும் வேண்டும். இருவருக்கும் பெரிய மனத்தாங்கல் வந்ததில்லை, குழாய் விவகாரம் வரும்வரை.

வேதியியல் ஆய்வகம் மேல்மாடியில் இருந்தது. அதற்கு நேர் கீழே கணினி அறை. பெற்றோர்கள் சேர்ந்து வாங்கிக் கொடுத்த புத்தம்புதுக் கணினிகள், மேலே சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறையைக்கூட முழுதாகக் கழற்றவில்லை. ஒரு விடுமுறை முடிந்து பள்ளியைத் திறந்தபோது கணினி அறையின் கூரையிலிருந்து தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. மேலே ஆய்வகத்தில் ஒரு குழாய் திறந்தபடி கிடந்தது, தொட்டியில் தண்ணீர் போகும் ஓட்டையை வடிதாள் அடைத்திருந்தது. விடுமுறைக்கு முந்தின நாள் மதியத்திலிருந்து குழாயில் தண்ணீர் வரவில்லை. யாரோ திறந்து பார்த்திருக்கிறார்கள், தண்ணீர் வராததால் மூடாமல் போய்விட்டார்கள். விடுமுறையில் தண்ணீர் வந்து தன் வேலையைக் காட்டிவிட்டது. கணினிகள் ஒன்றும் தேறவில்லை.

ஆய்வகச் சாவி இருந்தது உதவியாளரிடம். எந்நேரமும் ஒரு கண்ணாடிக் குடுவையைத் துடைத்துக்கொண்டிருப்பதால் மாணவர்கள் அவரைக் குடுவை அண்ணன் என்பார்கள். பள்ளி வளாகத்திலேயே அவருக்கு வீடு கொடுத்திருந்தார்கள். மகள் அதே பள்ளியில் கட்டணம் இல்லாமல் படித்தாள். வேலை போனால் வீடும் போகும், அந்தப் பெண்ணின் படிப்பும் போகும். எல்லாக் குழாயையும் மூடிவிட்டுத்தான் பூட்டினேன் என்று அவர் அடித்துச் சொன்னார். என் மனைவி அதை அப்படியே நம்பினாள். அவள் ஆசிரியையாகச் சேர்ந்த நாளிலிருந்து அவரைத் தெரியும், பொய் சொல்கிற ஆள் இல்லை. கடைசிப் பாடவேளையில் செய்முறை வகுப்பு நடந்தது, ஏதோ ஒரு மாணவன்தான் குழாயைத் திறந்திருப்பான், இவர் மூடும்போது அந்த ஒன்று கண்ணில் படாமல் போயிருக்கும் என்று அவள் கணக்குப் போட்டாள். நிர்வாகக் குழு அந்தக் கணக்கைக் காதில் வாங்கவில்லை. சாவி யாரிடமோ பழியும் அவரிடம் என்று விசாரணைக்கு நாள் குறித்தார்கள்.

இந்த இடத்தில்தான் என் மனைவி அந்தக் காரியத்தைச் செய்தாள். விசாரணைக்கு முன்னால் மாதத்தின் முதல் வெள்ளி வந்தது. அன்று பள்ளியில் பூசை உண்டு, பூசைக்கு முன் சாமியார் சிற்றாலயத்தில் உட்கார்ந்து பாவசங்கீர்த்தனம் கேட்பார். மாணவர், ஆசிரியர், பணியாளர் எல்லோரும் வரிசையில் நின்று ஒவ்வொருவராகப் போய்த் தங்கள் குற்றத்தைச் சொல்லிவிட்டு வருவார்கள். காலைக் கூட்டத்தில் இவள் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு, குழாயைத் திறந்தவர் யாராக இருந்தாலும் உண்மையைச் சொல்லிவிடுங்கள் என்றாள். அதோடு விட்டிருக்கலாம். "என்கிட்ட சொல்ல பயமா இருந்தா இன்னைக்கு ஃபாதர்கிட்ட போய் சொல்லுங்க. அது போதும். அதுக்கப்புறம் இந்தப் பள்ளியில யாரும் உங்கள ஒரு கேள்வி கேக்க மாட்டாங்க. இது என் வாக்கு" என்றும் சொல்லிவிட்டாள்.

அன்று வரிசை ஆலய வாசலைத் தாண்டி மைதானம்வரை நின்றதாம். வீட்டுக்கு வந்தவள் இனி எல்லாம் சரியாகிவிடும் என்ற முகத்தோடு சாப்பிட உட்கார்ந்தாள். ஃபாதர் கேட்டதை உன்னிடம் யார் சொல்லப்போவது என்று நான் கேட்டேன். வாய்க்குக் கொண்டுபோன ரொட்டியைத் தட்டிலேயே வைத்துவிட்டாள்.

பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைச் சாமியார் யாரிடமும் சொல்லக்கூடாது, கொலையே ஆனாலும். சொல்லாமல் இருந்தால் மட்டும் போதாது, அதை மனதில் வைத்து ஒரு துரும்பைக்கூட நகர்த்தக்கூடாது, முகத்தில் காட்டவும் கூடாது. முதல் நற்கருணை வாங்குகிற பிள்ளைக்குக்கூட இது தெரியும். இவளுக்கும் தெரியும், பிள்ளைகளுக்கு வருடாவருடம் சொல்லிக்கொடுப்பதே இவள்தான். ஆனால் மனச்சுமை இறங்கினால் உண்மை தானாக நடந்து வெளியே வந்துவிடும் என்று நினைத்துவிட்டாள். பக்தி இல்லாத என்னைப் போன்றவனுக்கு இந்தப் புத்தி வந்திருக்காது, பக்தி உள்ளவளுக்கு வந்தது. இருந்த உண்மையை எடுத்துப் பூட்டி, சாவியைக் கிணற்றில் போட்டுவிட்டு வந்திருந்தாள்.

அதற்குப் பிறகு இருவரும் பட்ட பாட்டைப் பார்த்து எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. அவர் முகத்தில் ஏதாவது தெரிந்துவிட்டால் தனக்கும் அந்தப் பாவத்தில் பங்கு என்று இவள் அவரை நிமிர்ந்து பார்ப்பதையே விட்டாள். பார்க்கவேண்டி வந்தால் அவர் சட்டைக் காலரைப் பார்த்துப் பேசுவாளாம். அவரும் வந்தால் கூரைப் பூச்சு, பொதுத்தேர்வு, பேருந்துச் சாரதியின் விடுப்பு என்று வேலையைப் பேசிவிட்டுக் கிளம்பிவிடுவார். விசாரணையைத் தள்ளிவையுங்கள் என்று இவள் கேட்கவில்லை. தள்ளிவைத்தால் அவர் எதையோ கேட்டிருக்கிறார் என்று ஆகிவிடும். நடத்துங்கள் என்று இவள் சொன்னாலும், அவர் எப்படித் தலையாட்டுகிறார் என்பதிலிருந்து ஏதாவது தெரிந்துவிடும்.

விசாரணை முதல்வர் அறையில் நடந்தது. நிர்வாகக் குழுவிலிருந்து ஒரு வழக்கறிஞர், ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர், மறைமாவட்டக் கல்வி அலுவலகத்திலிருந்து ஒருவர். சாமியார் ஓரமாக உட்கார்ந்திருந்தார். நீக்கும் உத்தரவு தயாராக மேசைமேல் இருந்தது. குடுவை அண்ணனிடம் சொல்ல ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார்கள். அவர் இல்லை என்று தலையாட்டிவிட்டு என் மனைவியைப் பார்த்தாராம். பயமே இல்லாத பார்வை. அவ்வளவு அமைதி குற்றமில்லாத மனிதனுக்குத்தான் வரும் என்று அவள் அந்த நொடியில் முடிவு செய்துவிட்டாள்.

மாலையில் பள்ளியை முழுவதும் சுற்றிப் பார்த்துவிட்டுக் கிளம்ப வேண்டியது முதல்வரின் கடமை, விடுமுறைக்கு முந்தின நாள் ஒரு மாணவியின் தகப்பனார் அடக்கத்துக்காகச் சுற்றாமலே போய்விட்டேன், அதனால் குற்றம் என்னுடையது என்று சொன்னாள். உத்தரவில் கையெழுத்துப் போடமாட்டேன், யாரையாவது இறக்கித்தான் ஆகவேண்டும் என்றால் என்னை இறக்குங்கள் என்றாள். பழம் நழுவிப் பாலில் விழுந்ததுபோல் ஆயிற்று, இவள் முதல்வரானதே பிடிக்காத வழக்கறிஞருக்கு. அவள் பேச்சு முடிவதற்குள் புதுத் தாள் எடுத்தார். சாமியார் வாயைத் திறக்கவில்லை. தாள் தன்னிடம் வந்தபோது கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்து போனாராம். அவரைக் கொண்டாடிக்கொண்டிருந்த நான் அன்று அவர்மேல் கொதித்தேன். இவளுக்காக ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

மறுபடியும் ஒரு கன்னியாஸ்திரி முதல்வராக வந்தார். இவள் பழையபடி வேதியியல் ஆசிரியை. ஒரு குறையும் இல்லாதவள்போல் நடந்துகொண்டாள். காலையில் பழக்கதோஷத்தில் கழிப்பறைப் பக்கம் போய்விட்டுத் திரும்பி வந்ததாகச் சொல்லிச் சிரிப்பாள். ஒரு அப்பாவியின் குடும்பம் தெருவுக்கு வராமல் நின்றதே என்பதுதான் அவளுக்கு ஆறுதல்.

பள்ளியாண்டு முடிந்த வாரத்தில் குடுவை அண்ணன் வீட்டுக்கு வந்தார். அன்று பேசியதை யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள் என்று அவரே பிறகு சொன்னதால்தான் இதை எழுதுகிறேன். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, மகள் வகுப்பில் முதலாவதாக வந்திருக்கிறாள் என்றார். பிறகு, "சொன்ன வாக்கக் காப்பாத்திட்டீங்க மிஸ்" என்றார்.

எந்த வாக்கு என்று அவள் கேட்டாள்.

"ஃபாதர்கிட்ட சொன்னா போதும், யாரும் எதுவும் கேக்க மாட்டாங்கன்னு சொன்னீங்களே. அன்னைக்கே வரிசையில நின்னு சொல்லிட்டேன். முதல்ல சத்தியமா ஞாபகம் இல்ல மிஸ். எல்லாத்தையும் மூடிப் பூட்டிட்டு, ஒரு குடுவையக் கழுவலாம்னு திரும்பப் போனேன். குழாயத் திறந்தேன், தண்ணி வரல. நீங்க அன்னைக்குப் பேசும்போதுதான் பளிச்சுன்னு வந்துச்சு."

விசாரணையில் தான் பழியை ஏற்றபோது ஏன் சும்மா இருந்தீர்கள் என்று என் மனைவி கேட்டாள். ஃபாதரும் நீங்களும் பேசிவைத்துத்தான் இப்படிச் செய்கிறீர்கள் என்று நினைத்தேன் என்றார் அவர். அந்த மனிதர் கபடமில்லாமல்தான் சொன்னார், அதுதான் கொடுமை.

"அண்ணே, ஒண்ணு நல்லாக் கேட்டுக்கங்க" என்றாள் அவள். "ஃபாதர் என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. அவர் சொன்னதா நீங்க நெனச்சாக்கூட அது அவருக்குச் செய்ற துரோகம். எனக்கு எதுவுமே தெரியாது."

"தெரியாமலா மிஸ்?"

"தெரியாமதான்."

அவர் முகம் இருண்டுபோயிற்று. இப்போதே குழுவிடம் போய்ச் சொல்கிறேன் என்று எழுந்தார். அவள் விடவில்லை. யாரும் கேட்கமாட்டார்கள் என்று வாக்குக் கொடுத்தவளே கேட்கவைக்க முடியாது, மகளைப் படிக்க வையுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டாள். கதவைச் சாத்திவிட்டு வந்து, பதவி போனபோது ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள், சமையலறையில் தேம்பித் தேம்பி அழுதாள். எனக்கு அவளைத் தேற்றத் தெரியவில்லை. சாமியாரை மனதுக்குள் வைததை நினைத்து வெட்கமாக இருந்தது. எல்லாம் தெரிந்துகொண்டு அந்தக் கையெழுத்தைப் போட்டிருக்கிறார்.

அடுத்த முதல் வெள்ளியன்று, பள்ளி விடுமுறையானாலும், அவள் காலையிலேயே ஆலயத்துக்குக் கிளம்பினாள். பாவசங்கீர்த்தனம் செய்யப் போகிறேன் என்றாள். உனக்கு அப்படி என்ன பாவம் என்று கேட்டேன்.

"தெரிஞ்சிருந்தா அன்னைக்கே அவர வேலையவிட்டு அனுப்பக் கையெழுத்துப் போட்டிருப்பேன். காப்பாத்திட்டேனேன்னு இப்போ வயிறு எரியுது. அதச் சொல்லணும்."

"அதே ஃபாதர்கிட்டயா?"

"வேற யார்கிட்ட சொல்றது? பாவம், அவருக்கு மட்டும்தானே முழுசாத் தெரியும்" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினாள்.