பேராச்சியின் மூன்று பச்சைப் பொட்டுகள்

பேராச்சிக்கு எதைப் பார்த்தாலும் அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்தாக வேண்டும். தாராவியில் பிறந்து வளர்ந்தவள் போலீசில் சேர்ந்ததற்கும் அதுதான் காரணம். ரோந்து ஜீப்பின் வயர்லெஸ்ஸில் கரகரவென்று ஏதோ பேசுவார்களே, அது என்ன என்று சின்ன வயதிலிருந்தே அவளுக்குக் குறுகுறுப்பு. இப்போது செம்பூர் பக்கத்து ஸ்டேஷன் ஒன்றில் அந்த வயர்லெஸ் அறையில்தான் அவளுக்கு வேலை.

ஒருநாள் ஹவல்தார் ரஞ்சனா வந்து, "பேராச்சி, உன்னை மீட்டிங்குக்குக் கூப்பிட்டிருக்காங்க" என்றாள். நாடு முழுவதும் போலீசுக்குப் புதிய கருவிகள் வாங்கப்போகிறார்கள், எதை முதலில் வாங்குவது என்று கீழ்மட்டத்தில் இருப்பவர்களையும் கேட்கிறார்கள் என்றாள். பேராச்சி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "தொட்டுப் பாக்க விடுவாங்களா?"

விட்டார்கள். பெரிய கூடத்தில் மேசைக்கு ஒரு கருவி. ட்ரோன், முகத்தை அடையாளம் காணும் கேமரா, சட்டையில் மாட்டும் கேமரா. ஆளுக்கு மூன்று பச்சைப் பொட்டுகள் கொடுத்தார்கள். பிடித்த கருவியின் அட்டையில் ஒட்ட வேண்டும். பேராச்சி மொழிபெயர்க்கும் கருவியிடம் போய் நின்றாள். தமிழில் சொன்னால் அது இந்தியில் சொல்லுமாம்.

"கொடியில கெடந்த எங்க அத்தை சீலைய எவனோ தூக்கிட்டுப் போயிட்டான்" என்றாள்.

கருவி ஒரு கணம் யோசித்துவிட்டு இந்தியில் சொன்னது: யாரோ ஒருவன் அத்தையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

கூடமே சிரித்தது. எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவர் கூட்டத்தை நடத்திய வேங்கடசுப்ரமணியன். "இது எந்த ஊர்ப் பேச்சு? பிரமாதமா இருக்கே!"

"தாராவிதான் சார். அப்பாவுக்கு ராதாபுரம் பக்கம்."

"நான் பக்கத்துல மாட்டுங்கா. நடந்தே வந்துடற தூரம்தான். ஆனா புடவையைச் சீலைன்னு ஆத்துல யாரும் சொல்லிக் கேட்டதில்லை."

"இதுக்குச் சொல்லிக் குடுத்தா கத்துக்கிடுமா சார்?"

"நிறையப் பேர் பேசினா கத்துக்கும்."

மூன்று பொட்டுகளையும் அங்கேயே ஒட்டிவிட அவள் கை பரபரத்தது. அதற்குள் அவர் ஒரு நிபந்தனை சொன்னார். பொட்டு ஒட்டுபவர்கள், அந்தக் கருவி கையில் இருந்திருந்தால் உதவியிருக்கக்கூடிய ஒரு சம்பவத்தைத் தங்கள் ஸ்டேஷனிலிருந்து சொல்ல வேண்டும்.

பேராச்சி யோசித்தாள். தமிழ் மட்டும் தெரிந்த ஆள் அவள் ஸ்டேஷனுக்கு வந்தால் பேச அவளே இருக்கிறாள். ஆனால் சூசைமாணிக்கம் தாத்தா விஷயம் வேறு. திலக் நகரிலிருந்து காணாமல் போன, நினைவு தப்பிய மனிதர். அவர் மகள் ரோஸி பேராச்சியின் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்த அத்தனை நேரமும், அவர் வேறொரு ஸ்டேஷனில் டீ குடித்துக்கொண்டிருந்தார். பெயர் சொல்லத் தெரியாததால் 'அடையாளம் தெரியாத முதியவர்' என்று அங்கே பதிவு. பெயரோடு இங்கே பதிவு. சாயங்காலம் தகப்பனைக் கூட்டிப் போகும்போது ரோஸி கோபப்படவில்லை. "ரெண்டு எடத்துலயும் எழுதித்தான வச்சிருக்கீங்க அக்கா. ஒருத்தர் எழுதுனது இன்னொருத்தருக்குத் தெரியாதா?" என்று மட்டும் கேட்டாள்.

மூலையில் ஒரு மேசையை அதுவரை யாருமே எட்டிப் பார்க்கவில்லை. அங்கே வெறும் கம்ப்யூட்டர் திரை. பின்னால் பைசான் என்ற இளம் இன்ஜினியர். எல்லா ஸ்டேஷன்களின் காணாமல் போனோர் விவரமும் ஒரே திரையில் வரும் என்றான்.

"பேரு தெரியாட்டி?" என்று இந்தியில் கேட்டாள்.

"போட்டோ போதும் மேடம்."

"சரி, வீட்டுல அடி தாங்காம ஓடிவந்த பொண்ணு. அவ அப்பனுக்குச் சிநேகிதக்காரன் ஏதோ ஒரு ஸ்டேஷன்ல இருக்கான். அவனும் இதப் பாக்கலாமா?"

பைசான் விழித்தான். "இப்போதைக்குப் பார்க்கலாம்" என்று இழுத்தான். அப்புறம் நாற்காலியை இழுத்துப் போட்டு அவளை உட்காரச் சொன்னான். யார் எதைப் பார்க்கலாம், எதற்கு மேலதிகாரியின் அனுமதி வேண்டும் என்று இருவரும் பேசிக்கொண்டே இருந்ததில் பேராச்சிக்குச் சாப்பாடு தவறிப்போனது.

இரண்டு பொட்டுகளை அங்கே ஒட்டி ரோஸியின் கதையைச் சொன்னாள். அதைக் கேட்ட சிலரும் அங்கே ஒட்டினார்கள். மூன்றாவதை மொழிபெயர்ப்புக் கருவிக்கு ஒட்டினாள். "இதுக்குச் சம்பவம் இல்ல சார். கத்துக்கிடுதான்னு பாக்கணும், அம்புட்டுதான்." வேங்கடசுப்ரமணியன் செல்லும் என்றார்.

பொட்டுகளை எண்ணியபோது முகம் காணும் கேமராதான் முதலில் வந்தது. திரைக்கு மூன்றாம் இடம். மொழிபெயர்ப்புக் கருவி கடைசி. சில மாதங்கள் கழித்து மேலிடத்திலிருந்து வந்த வரிசையில் திரை இரண்டாம் இடத்துக்கு ஏறியிருந்தது. யார் பார்க்கலாம் என்பதை முடிவு செய்த பிறகே தொடங்க வேண்டும் என்ற குறிப்போடு. அந்தக் குறிப்பைப் பேராச்சி ரஞ்சனாவிடம் காட்டவில்லை. தனக்குள்ளே இரண்டு முறை படித்துக்கொண்டாள்.

கடைசியில் வந்த கருவியை வேங்கடசுப்ரமணியன் கைவிடவில்லை. "வெவ்வேறு குரல் வேணும், பேசித் தர ஆள் கிடைப்பாளா?" என்று அவளுக்குப் போன் செய்தார். வார விடுப்பில் பேராச்சி ஒலிப்பதிவுக் கருவியோடு தாராவிச் சந்துகளில் இறங்கினாள். இல்லாத திருட்டைப் பற்றி யாராவது புகார் சொல்ல வேண்டும். முதலில் எல்லோரும் கூச்சப்பட்டார்கள். பிறகு நிறுத்த முடியவில்லை. ஒருவருக்குக் குக்கர் போயிற்று, இன்னொருவருக்கு மருமகனின் பைக்.

தையல் மிஷினில் இருந்த கிளாரா அக்கா கேட்டாள்: "எல்லாம் பொய்யாத்தான் சொல்லணுமா? நடுவுல கொஞ்சம் நெசமும் இருந்தா பரவாயில்லையா?"

பேராச்சி ஒலிப்பதிவை அணைத்துவிட்டு அவளருகே உட்கார்ந்தாள். "சொல்லுங்கக்கா. என்ன நடந்துச்சு?"