டெமோ பட்டன்

கோவில்பட்டியில் எங்கள் சொந்தக்காரர்கள் எல்லோரும் அதைப் பியானோ என்றுதான் சொல்வார்கள். அது கீபோர்டு. திருத்துவதை விட்டுவிட்டேன். காது இருந்தால்தானே திருத்த!

சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மகள் அதன்முன் உட்காருவாள். பக்கத்தில் நான் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பேன். எனக்குச் சங்கீதம் சுத்தமாகத் தெரியாது. ஆனால் ஒரே வரியை மாதக்கணக்கில் கேட்டால் கழுதைக்குக்கூட எங்கே இடிக்கிறது என்று தெரிந்துவிடும். இடது கை மோதிரவிரல் அவள் சொன்னபடி கேட்காது. அந்த இடத்தில் தடுமாறி நிற்பாள். மறுபடியும் முதலிலிருந்து தொடங்குவாள்.

என் வீட்டுக்காரர் டிவி சத்தத்தைக் கூட்டுவார். "ஒரு பாட்டாவது உருப்படியா வருதா? சும்மா தட்டிக்கிட்டே கெடக்கா." கிரிக்கெட்டில் ஒரே அவுட்டைத் திரும்பத் திரும்பக் காட்டினால் மட்டும் இந்தத் துரை வாயைப் பிளந்து பார்ப்பார்.

அந்தக் கீபோர்டில் டெமோ என்று ஒரு பட்டன் உண்டு. அழுத்தினால் மேளதாளத்தோடு அதுவே ஒரு பாட்டை வாசித்துத் தள்ளும். கழுகுமலையிலிருந்து வந்த அவருடைய அக்கா அதைக் கேட்டுவிட்டு, பிள்ளைதான் வாசிக்கிறாள் என்று நம்பி, மிளகாய் எடுத்துச் சுற்றிப் போட்டார். இவர் உண்மையைச் சொன்னாரா? மீசையைத் தடவிக்கொண்டார். அன்றிலிருந்து வீட்டுக்கு யார் வந்தாலும், "ஏட்டி, அந்தப் பெரிய பாட்டைப் போடு" என்பார். அவளும் பட்டனை அழுத்திவிட்டு விரலைச் சும்மா ஆட்டுவாள்.

ஒருநாள் என்னிடம் கேட்டாள். "யம்மா, பட்டனே போதும்லா? நான் எதுக்குப் படிக்கணும்?"

பிள்ளையின் ஆசையில் பெற்ற அப்பனே மண்ணள்ளிப் போட்டால் நான் யாரிடம் போய்ச் சொல்ல?

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா குடும்பத்தோடு வந்திருந்தார். பெரிய பாட்டு ஓடியது. பாதியில் மகள் இரண்டு கையையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பாட்டு நிற்கவில்லை. அப்பாடா, குட்டு உடைந்தது என்று நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

அக்கா கடலைமிட்டாயை மென்றபடி சொன்னார்: "யாத்தே! கைய வைக்காமலே வாசிக்காளே! டீச்சர் நல்லாத்தான் சொல்லிக்கொடுத்திருக்காவ."

எல்லோரும் கைதட்டினார்கள். சத்தமாகத் தட்டியது இவர்தான். தூ!

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று அவர்கள் எழுந்தார்கள். இவர் வாசல்வரை போனார். மகள் டெமோவை நிறுத்திவிட்டு இடது கையை மட்டும் கட்டைகள்மேல் வைத்தாள். அந்த வரி மெதுவாக வந்தது. இடிக்கிற இடம் வந்தது. மோதிரவிரல் இடிக்காமல் தாண்டிப் போனது.

"வந்திட்டும்மா!" என்று என் பக்கம் திரும்பினாள். நான் அவள் தலையைப் பிடித்து முத்தம் கொடுத்தேன்.

வாசலிலிருந்து இவர் குரல் கேட்டது. "ஏட்டி, கரண்டு போயிட்டா? பாட்டையே காணும்?"

தலைக்குமேல் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. மகள் அதை ஒருதடவை அண்ணாந்து பார்த்தாள்.

"ஆமாப்பா" என்றாள். திரும்பவும் இடது கையை வைத்தாள்.