பஸ்ஸே ஏறாத ஊர்

“எங்க வீட்ல எத்தன பேருன்னு உனக்கு எதுக்கும்மா? வந்து சோறு ஆக்கிப் போடப் போறியா?”

கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு கேட்டுக்குக் குறுக்கே நின்றார் அந்த மனிதர். “எங்க வீட்டுக்கு ஆக்கி வச்சுட்டுத்தான் சார் வந்திருக்கேன். ஆளு எத்தன, அதச் சொல்லுங்க” என்றேன். வீடு வீடாகப் போய் விவரம் கேட்கிற வேலையில், ஒரு பதில் வாங்குவதற்குள் நமக்கு நாலு கேள்வி வந்துவிடும். வாசலில் நின்று தொண்டை வறண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நான் அரசாங்க ஊழியர் இல்லை. கடலூரிலிருந்து சிதம்பரம் போகிற ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருக்கிற சின்ன ஊர் எங்களுடையது. கிழக்கே மீனவர் குப்பம், நடுவில் பழைய தெரு, மேற்கே பிளாட் போட்டு முளைத்த எங்கள் நகர். டவுன் பஸ் மெயின்ரோட்டோடு போய்விடும். உள்ளே விடச் சொல்லி டிப்போவில் கேட்டோம். யார் யார் இருக்கிறார்கள், என்ன வேலை, எதில் போய் வருகிறார்கள் என்று எழுதிக் கொடுத்தால் பார்க்கலாம் என்றார்கள். நலச்சங்கத் தலைவர் நேராக என்னிடம் வந்தார். “நீங்க கான்வென்ட்ல படிச்சவங்க. வீட்லயும் சும்மாதான இருக்கீங்க?”

அந்தச் ‘சும்மா’வுக்கே முடியாது என்று சொல்லியிருப்பேன். ஒப்புக்கொண்டது குப்பத்துச் செல்விக்காக. மீன் நிரம்பிய அலுமினிய அன்னக்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு மெயின்ரோடு வரை நடக்கிறவள். பஸ்ஸில் ஏற்றிக்கொள்வார்கள், பஸ் வரைக்கும் போவதுதான் பாடு. ஷேர் ஆட்டோக்காரர்கள் நாறும் என்று நிறுத்தவே மாட்டார்கள். இனிமேல் சுமை தூக்கி நடந்தால் முட்டி போய்விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். “பஸ்ஸு உள்ள வந்தா யாவாரம். வரலன்னா வூட்ல குந்திக்க வேண்டியதுதாங்க்கா.”

உறுமும் பீரோ

மாதாமாதம் பணம் தருகிற ஏதோ திட்டத்துக்கு நான் ஆள் எடுக்கிறேன் என்று பழைய தெருவில் செய்தி போய்விட்டது. நான் முனை திரும்புவதற்குள் தெருவே ஏழையாகிவிட்டது. பைக்குகள் கொல்லைப் பக்கம் போயின. மாடி வீட்டம்மா, மாடி தன் கொழுந்தனுடையது என்றார்.

ஒரு வீட்டுக் கூடத்தில் ஆள் உயரத்துக்கு ஏதோ ஒன்று போர்வை போர்த்திக்கொண்டு நின்றது. நான் பேனாவைத் திறந்த நேரம் பார்த்து அது ‘உர்ர்’ என்றது. என்ன அது என்று கேட்டேன். வீட்டம்மா கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. “பீரோ மேடம். வெயில் ஜாஸ்தியானா இப்புடித்தான் உறுமும்.”

கேசரி கொடுத்த வீடு

எங்கள் நகரில் நேர்மாறு. சிதம்பரத்தில் கோயிலை ஒட்டின வீதியிலிருந்து குடிவந்த ஓர் அம்மாவிடம் வழக்கமான கேள்விகளைக் கேட்டேன்: பையனுக்கு என்ன வயது, என்ன படிப்பு, எங்கே வேலை? அந்த அம்மா முகம் மலர்ந்து உள்ளே போனார். கேசரி வந்தது. பிறகு பையனே வந்தான், தலையைப் படிய வாரிக்கொண்டு.

நான் கேட்காமலேயே சம்பளம் சொன்னார்கள். சொந்த வீடு, கார் வாங்கும் யோசனை, பையன் வெங்காயம்கூடத் தானே நறுக்குவான் என்பது வரைக்கும் வந்துவிட்டது. எனக்கு இருப்பதோ இரண்டும் பையன்கள். கேசரியை முடித்துவிட்டு நைஸாக எழுந்தேன். வாசல் வரை வந்து கையைப் பிடித்துக்கொண்டார். “பொண்ணு எந்த ஊர்னு நீங்க இன்னும் சொல்லவே இல்லியே!”

கௌரவம்

இந்தக் கூத்தெல்லாம் முடிந்து வீட்டில் உட்கார்ந்து கூட்டிப் பார்த்தால் தலை சுற்றியது. எங்கள் ஊரில் செல்வியைத் தவிர ஒரு ஜீவனும் பஸ் ஏறுவதில்லை! எதில் போய் வருகிறீர்கள் என்ற கேள்விக்கு மட்டும் எல்லா வீட்டிலும் ஆண்கள்தான் முந்திக்கொண்டு வந்து பதில் சொன்னார்கள். “எங்க வீட்ல யாரும் பஸ்ஸுல போறதில்ல, கௌரவமா வண்டி வச்சிருக்கோம்” என்று, பைக்கைக் கொல்லையில் ஒளித்தவர்கள் உட்பட எல்லோரும் ஒரே பாட்டு. இதை அனுப்பினால் பஸ் வந்த மாதிரிதான். செல்வியின் முட்டி அவ்வளவுதான்.

எனக்கு வந்த கோபத்துக்கு, மறுநாள் அத்தனை வண்டியும் வேலைக்குப் போன பிறகு அதே வீடுகளுக்குத் திரும்பப் போனேன். இப்போது கதவைத் திறந்தது பெண்கள். ஆஸ்பத்திரி, ரேஷன், பண்ருட்டியில் அம்மா வீடு, எல்லாவற்றுக்கும் மெயின்ரோடு வரை நடை, அப்புறம் பஸ். கைலிக்காரர் வீட்டிலும் அதே கதைதான். அவர் மனைவி துவைத்த துணியைப் பிழிந்துகொண்டே சொன்னாள். “வண்டி அவருக்கு மேடம். எனக்கு என் காலு.”

சங்கக் கூட்டம்

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் ஆண்கள் சொன்னது, பெண்கள் சொன்னது இரண்டையும் வாசித்தேன். பெண்கள் பக்கம் சிரிப்பு. தலைவர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். “ஆம்பளைங்க சொன்னதையே அனுப்பிடலாம் மேடம். வண்டி இல்லாத ஊருன்னு நாமளே எழுதிக் குடுத்தா நல்லாவா இருக்கும்?” கடைசி வரிசையில் செல்வி முட்டியை நீவிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கன்னியாஸ்திரீகள் கற்றுக்கொடுத்த பொறுமை எனக்கு அதோடு தீர்ந்துபோயிற்று.

“ரொம்ப சந்தோஷம் சார். அதான் எல்லாருகிட்டயும் வண்டி இருக்கே. நாளைக்குக் காலைல செல்வியோட அன்னக்கூடைய யார் உங்க வண்டில வச்சு மெயின்ரோட்டுல எறக்கி விடுறீங்க? கொஞ்சம் கை தூக்குங்க.”

வண்டி இல்லாத வீடே இல்லாத எங்கள் ஊரில், அந்த நிமிஷம் கை உள்ள ஆண்பிள்ளை ஒருவரும் இல்லை.